மண்ணைக் கொட்டிப் பொன் எடுத்தவர்: ஜம்ஷெட்ஜி டாட்டா

இவ்வாண்டு விழா மலருக்கு ஒரு பெரியாருடைய வரலாற்றை எழுதித் தருமாறு நம் சங்கத்துச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வழக்கமாகப் புலவர் ஒருவரையோ தேசத் தொண்டர் ஒருவரையோ எடுத்துக்கொள்வேன். இம்முறை ஒரு வியாபாரியை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் சிலர் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்க எண்ணி, வீடுதோறும் சென்று பங்குப் பணம் கேட்டு வருவதை அன்பர்கள் அறிவார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் சிலர், தம் சேமநிதிப் பணத்தை அதில் இடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டனர். சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் எனக்குக் கம்பெனி நடத்தும் சாஸ்திரம் தெரியாது. ஆனால் அச்சாஸ்திரத்தை நாம் குடியிருக்கும் இந்நாகபுரியிலேயே ஒருவர் நடத்திக் காட்டிச் சென்றிருக்கிறார். அவர் வரலாற்றைச் சொல்வதே நான் சொல்லக்கூடிய யோசனை.

ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள், குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரில் பார்ஸி வகுப்பில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் புரோகிதம் செய்துவந்த குடும்பம் அது. அக்குல வழக்கத்தை விட்டுப் பம்பாய் சென்று வியாபாரத்தில் முதன்முதலாக இறங்கியவர் இவருடைய தந்தை நஸர்வான்ஜியே ஆவார். மகனும் பதினான்கு வயதளவில் பம்பாய்க்கு வந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1858-இல் படிப்பை முடித்தார். மறுவருடமே ஹாங்காங் சென்று, தந்தையின் கம்பெனிக்குக் கிளை ஏற்படுத்தும் வேலையில் ஈடுபட்டார்.

சீன தேசத்துடன் அக்காலத்தில் நடந்த வியாபாரம் எத்தகையது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பருத்தியும் அபினியும் இங்கிருந்து சென்றன. தேயிலையும் பட்டும் கற்பூரமும் அங்கிருந்து வந்தன. அபினி வியாபாரம் அன்று சட்டத்திற்கு உட்பட்டதே. பம்பாயின் பெரிய வியாபாரக் குடும்பங்கள் பலவும் அதில் கைந்நனைத்தவைதாம். ஆயினும் இன்று படிக்கையில் மனம் கூசவே செய்கிறது. பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகைய பக்கங்களைக் கிழித்தெறிவது வழக்கம். அப்படிச் செய்தால் மீதிப் பக்கங்களையும் வாசகர் நம்பமாட்டார் என்பது என் எண்ணம்.

இவரை மனிதராக்கியது 1865-ஆம் ஆண்டு என்று சொல்லலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்கு வாராது நின்றமையால், இந்தியப் பருத்திக்கு என்றும் காணாத விலை ஏறிற்று. பம்பாயில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. புதிய புதிய வங்கிகளும் கம்பெனிகளும் காளான்கள்போல் முளைத்தன. இந்த உற்சாகத்திலேதான் இருபத்தைந்து வயது ஜம்ஷெட்ஜி, லண்டனில் ஓர் இந்திய வங்கியை நிறுவும் நோக்கத்துடன், பருத்தியை ஈடாகக் கொண்ட உண்டியல்களைச் சுமந்துகொண்டு கப்பலேறினார். போர் 1865-ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிந்தது. பருத்தி விலை பாதாளத்தில் வீழ்ந்தது. அவர் கையிலிருந்த உண்டியல்கள் வெறுங் காகிதங்களாயின. பம்பாயில் நேற்றைய லட்சாதிபதிகள் இன்று கடன்காரர்களாயினர்.

இவ்விடத்தில் ஓர் இளைஞன் என்ன செய்வான்? அடுத்த கப்பலில் ஏறி ஊர் திரும்பிவிடுவான். அன்றேல் முகத்தை மறைத்துக்கொள்வான். ஜம்ஷெட்ஜியோ கடன் கொடுத்தவர்களை நேரிலேயே சென்று கண்டார். கணக்குப் புத்தகங்களை அவர்கள் முன் விரித்து, உள்ள நிலை இதுவென்று ஒளிக்காது உரைத்தார். அந்த வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு அவர்மீது ஏற்பட்ட நம்பிக்கை எத்தகையதெனில், அவருடைய சொந்தக் கம்பெனியின் சொத்தைத் திரட்டிக் கடன் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, மாதம் இருபது பவுன் சம்பளமும் ஏற்பாடு செய்தனர். கடனாளியையே கடன் வசூலிப்பவனாக நியமித்த விந்தை இது. பம்பாயில் தந்தை நஸர்வான்ஜி தம் வீட்டை விற்றுக் கடனடைத்தார். குடும்பம் ஏழ்மையுற்றது, எனினும் டாட்டாவிடம் கொடுத்த பணம் மூழ்கியது என்று சொல்ல எவரும் மிஞ்சவில்லை.

பின்னர், அபிஸீனியாவின்மீது ஆங்கிலேயர் நடத்திய படையெடுப்பிற்குப் பொருள்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் நஸர்வான்ஜிக்குப் பங்கு கிடைத்து, குடும்பம் ஒருவாறு தலைநிமிர்ந்தது. 1868-இல், தம் இருபத்தொன்பதாம் வயதில், ஜம்ஷெட்ஜி 21,000 ரூபாய் மூலதனத்துடன் தம் சொந்த வியாபாரத்தைத் தொடங்கினார். மறுவருடம் சிஞ்ச்போக்லியில் நொடித்துக்கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதனை நூற்பாலையாக மாற்றி, இரண்டாண்டு நடத்தி, நல்ல லாபத்திற்கு விற்றார். விற்ற பணத்துடன் சும்மா இராமல் மீண்டும் இங்கிலாந்து சென்று, லங்காஷயரின் ஆலைகளில் நூல் எவ்வாறு நூற்கப்படுகிறது என்பதை அருகிருந்து கற்றுவந்தார்.

இப்பொழுது நம் ஊருக்கு வருகிறோம். ஆலை கட்டுவதெனில் பம்பாயில்தான் கட்டவேண்டும் என்பது அக்கால வியாபாரிகளின் வேதவாக்கு. ஜம்ஷெட்ஜி கணக்குப் பார்த்தார். பருத்தி விளைவது விதர்ப்பத்தில்; அதனை ரயிலேற்றிப் பம்பாய்க்குக் கொணர்ந்து நூலாக்கி, அந்நூலை மீண்டும் ரயிலேற்றி உள்நாட்டு நெசவாளருக்கு அனுப்புவது இரட்டைச் செலவு. ஜி.ஐ.பி. ரயில்வேயின் பாதை 1867-இலேயே நாகபுரியை எட்டிவிட்டது. வரோராவில் நிலக்கரி கிடைத்தது. நூலுக்குக் கைத்தறிக்காரர்கள் பக்கத்திலேயே இருந்தனர். பருத்தி, கரி, சந்தை ஆகிய மூன்றுக்கும் வாடகை மிச்சம். நாள்தோறும் சரக்குக் கட்டணம் போட்டுக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இக்கணக்கின் அருமை நன்கு விளங்கும்.

1874-ஆம் ஆண்டு பதினைந்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி பதிவாயிற்று. ஆலைக்கென நாகபுரி ராஜாவிடமிருந்து வாங்கிய நிலம், ரயில் நிலையத்துக்கு அண்மையில், ஜும்மா தலாவ் என்னும் ஏரியை ஒட்டிக் கிடந்த சதுப்பு நிலம். அதைத் தூர்ப்பதற்கு வண்டி வண்டியாக மண் கொட்ட வேண்டியிருந்தது. இவ்வூர் மார்வாடி வட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் பங்கு வாங்கும்படி கேட்டபோது, பொன்னைக் கொண்டுபோய்ச் சேற்றில் புதைப்பவனுக்கு நான் பணம் தருவதா என்று அவர் மறுத்துவிட்டாராம். ஆலை செழித்து வளர்ந்த பிறகு அதே மனிதர், டாட்டா பொன்னைப் புதைக்கவில்லை, மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டாராம். இக்கதையை இவ்வூர் முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நூல்களிலும் காணப்படுகிறது.

1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், விக்டோரியா ராணி இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்ட அன்றே, ஆலை திறக்கப்பட்டு எம்ப்ரஸ் ஆலை என்று பெயர் பெற்றது. நிர்வாகியாக அவர் தேர்ந்தெடுத்தவர் யார் தெரியுமா? ஆலைத் தொழிலில் ஒருநாளும் பழகாத பேஜோன்ஜி தாதாபாய் மேத்தா என்னும் பார்ஸி. அவர் ரயில்வேயின் சரக்குப் பகுதியில் வேலை பார்த்தவர்! நம் இனத்தவர் என்று நாம் பெருமை கொள்ளலாம். யந்திர விஷயங்களுக்கு புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயரை அமர்த்தினார். தொழில் தெரிந்தவர் ஒருவர், மனிதரையும் சரக்கையும் ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர் மற்றொருவர். இவ்விருவரையும் வைத்துவிட்டு, அன்றாட வேலையில் குறுக்கிடாது விலகி நின்றார். ஆளைத் தேடுவதில் அவ்வளவு கவலை எடுத்துக்கொண்டமையால், தேடிய பின்பு கண்காணிக்கும் கவலை அவருக்கு இல்லாது போயிற்று.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் வாங்கிய யந்திரங்கள் மட்டமானவை. நூல் தரம் குறைந்தது. பங்குகளின் விலை சரிந்தது. பங்குதாரர்களைச் சமாதானப்படுத்த எண்ணி அவ்வாண்டே ஏதேனும் லாபப் பங்கீடு காட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல், மட்டமான யந்திரங்களைக் கழித்துவிட்டு நல்லவற்றைப் பூட்டினார். பின்னர், அமெரிக்காவில் தோன்றிய ரிங் என்னும் புதுவகை நூற்பு யந்திரத்தைப் பற்றிக் கேள்வியுற்று, 1880-களில் அதனை நாகபுரியில் சோதித்துப் பார்த்தார். பழைய மியூல் யந்திரம் நூலை முறுக்குவதும் சுற்றுவதும் மாறிமாறிச் செய்வது. ரிங் யந்திரமோ இரண்டையும் இடைவிடாது ஒருங்கே செய்வது. லங்காஷயர்க்காரர் தம் பழைய யந்திரத்தின்மீதிருந்த பற்றை விடாது தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர் துணிந்து மாறினார்.

தொழிலாளர் விஷயமே எம்ப்ரஸ் ஆலையின் தனிப்பெருமை. நாகபுரியில் அன்று ஆலை வேலை என்றால் என்னவென்றே மக்கள் அறியார். கையில் நாலு காசு சேர்ந்தால் மறுநாள் வேலைக்கு வரமாட்டார்கள். நாள்தோறும் பலர் வாராது நின்றனர். பம்பாய் ஆலைகளின் மருந்து அபராதம். ஜம்ஷெட்ஜி வேறு வழியில் யோசித்தார். 1886-இல் தொழிலாளர்க்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895 முதல் வேலையில் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கொடுக்கத் தொடங்கினார். இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1923-இல். வருங்கால வைப்புநிதிச் சட்டம் வந்தது 1952-இல். சட்டம் வந்து கட்டாயப்படுத்துவதற்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் பரிசளிப்பு நாள் ஒன்று நடத்தி, தவறாது வேலைக்கு வந்தோருக்கும் திறமை காட்டியோருக்கும் கடிகாரமும் தங்கச் சங்கிலியும் ரொக்கமும் வழங்கச் செய்தார். வேலைக்கு வருபவர் தொகை தானே உயர்ந்தது.

காற்றுக்கு ஈரப்பதமூட்டும் கருவிகளையும், தீ மூண்டால் தானே நீர் தெளிக்கும் குழாய்களையும் ஆலைக்குள் அமைத்தார். மே மாதத்து நாகபுரி வெயிலை அறிந்த நமக்கு, வறண்ட காற்றில் நூல் எப்படி அறும், மனிதன் எப்படி வாடுவான் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. இவற்றை அவர் இரக்கத்தால் செய்தாரா, லாபத்தை எண்ணிச் செய்தாரா என்று வாதிடுவோர் உண்டு. தொழிலாளியின் நலமும் கம்பெனியின் நலமும் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகவே கருதினார். தம்மைத் தருமவானாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அக்காலத்து ஆலைகளில் வேலை நேரம் மிக நீண்டது. எம்ப்ரஸ் ஆலையும் சுவர்க்கலோகமன்று. ஆனால் முடமானவனைத் தெருவில் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், ஒரு கம்பெனி தன் கணக்கில் அவனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியது.

இனிச் சொல்லப்போவது அவர் வாழ்வில் நேர்ந்த பெருஞ்சோதனை. 1886-இல் பம்பாயை அடுத்த குர்லாவில் தரம்ஸி ஆலை ஏலத்துக்கு வந்தது. பெருந்தொகை விழுங்கிய அந்த ஆலையைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மலிவென்று மகிழ்ந்து, சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். உள்ளே புகுந்து பார்த்தால், யந்திரங்கள் பெரும்பாலும் உளுத்துப்போனவை. செப்பனிடச் செப்பனிடச் செலவு ஏறிற்று. நூல் தரங்கெட்டுச் சீனச் சந்தையில் பெயர் கெட்டது. இரண்டாண்டுக்குள் பங்கின் விலை வெகுவாகச் சரிந்தது. டாட்டாவின் நாணயமே போயிற்று என்று பம்பாய்க் கடைத்தெருவில் பேச்சு எழுந்தது. வங்கியும் கடன் தர மறுத்தது.

கம்பெனிச் சட்டத்தின்படி அவர் கையைக் கழுவியிருக்கலாம். நஷ்டம் பங்குதாரர்களுடையது, அவருக்குத் தனிப்பட்ட முறையில் யாதொரு கடப்பாடும் இல்லை. ஆனால் அவர் தம் குடும்பத்துக்கென ஒதுக்கிக் கட்டிவைத்திருந்த நிதியை உடைத்து எடுத்தார். நன்கு லாபம் தந்துகொண்டிருந்த எம்ப்ரஸ் ஆலைப் பங்குகளில் தமக்குரியவற்றில் ஒரு பகுதியை விற்றார். அப்பணத்தைச் சுதேசி ஆலையில் கொட்டினார். நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். ஆண்டுகள் சில கழிந்து அந்த ஆலையும் நிமிர்ந்தது. மலிவு என்று கண்ணை மூடி வாங்கியது அவர் செய்த பிழையே. பிழைக்கு உரிய விலையைப் பிறர் தலையில் கட்டாது தாமே கொடுத்தார் என்பதே இதில் காணவேண்டியது.

இதே சுதேசி ஆலையில் அவர் செய்த மற்றொரு காரியத்தை உலகம் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அவர் செய்தவற்றுள் அதுவே முதன்மையானதாகத் தோன்றுகிறது. அந்நாளில் ஆலைகளை நடத்தியவர்கள் நிர்வாக ஏஜெண்டுகள். பம்பாய் ஏஜெண்டுகள் எடுத்துவந்த கமிஷன், உற்பத்தியாகும் நூலில் ராத்தலுக்குக் காலணா. அறுபத்துநான்கு ராத்தலுக்கு ஒரு ரூபாய். அந்நூல் விற்றதா, கிடங்கில் மக்கிற்றா, லாபம் வந்ததா, நஷ்டம் வந்ததா என்ற கேள்வியே இல்லை. யந்திரம் சுழன்றால் ஏஜெண்டுக்குப் பணம். எனவே விலை போகாத காலத்திலும் நூலை நூற்றுத் தள்ளுவதே அவர்களுக்கு லாபகரமாயிருந்தது. பங்குதாரன் பட்டினி கிடப்பான், ஏஜெண்டு கொழுப்பான். ஜம்ஷெட்ஜி இந்த வழக்கத்தை உடைத்து, தம் கமிஷனை லாபத்தில் ஒரு பங்காக வைத்துக்கொண்டார். லாபம் உண்டேல் தமக்கும் உண்டு, இல்லையேல் இல்லை. மற்ற ஏஜெண்டுகளுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு நம் குடியிருப்பினர் சிலர் கூட்டுச் சேர்ந்து ஒரு பண்டகசாலை நடத்தினோம். நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். அரிசியும் நல்லெண்ணெயும் காப்பிக்கொட்டையும் தெற்கிலிருந்து தருவித்தோம். சரக்கு வந்து இறங்கியதும், குழுவினராகிய நாங்கள்தாம் முதலில் எங்கள் வீட்டிற்கு வேண்டியதைக் கடனுக்கு எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணந்தான், எவரும் திருடரல்லர். மாதங்கள் ஓடின. மூன்றாம் ஆண்டில் கடையில் சரக்கும் இல்லை, பெட்டியில் பணமும் இல்லை. ஏட்டில் எங்கள் பெயர்கள் மட்டும் இருந்தன. பங்கு போட்டிருந்த ஒரு விதவைத் தாயார் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஜம்ஷெட்ஜி தம் கமிஷனை எடுத்துக்கொண்ட விதத்தைப் பின்னாளில் படித்தபோதுதான், எங்கள் கடை எந்த இடத்தில் உடைந்தது என்பது எனக்குப் புலப்பட்டது. ஆகவே, பங்கு கேட்டு வரும் நம் இளைஞர்களிடம் நான் கேட்க எண்ணியிருப்பது ஒரே கேள்வி: அவர்கள் தம் சம்பளத்தை விற்பனையிலிருந்து எடுக்கப்போகிறார்களா, லாபத்திலிருந்தா?

வெற்றிகளையே அடுக்கினால் வரலாறு நிறைவுறாது. 1893-ஆம் ஆண்டளவில் அவர் ஒரு கப்பல் போரில் இறங்கித் தோற்றார். பம்பாயிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் செல்லும் நூலுக்குப் பி. அண்டு ஓ. என்னும் ஆங்கிலக் கப்பல் கம்பெனி டன்னுக்கு 19 ரூபாய் வாடகை வாங்கிவந்தது. ஜம்ஷெட்ஜி ஜப்பானியக் கப்பல் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து, குறைந்த வாடகையில் தம் கப்பல்களை விட்டார். உடனே எதிரி தன் வாடகையை ஒன்றரை ரூபாய் வரையில் இறக்கிவிட்டான்! டாட்டாவுக்கு ஆதரவு தருவதாக வாக்களித்திருந்த உள்ளூர் வியாபாரிகளே ஒன்றரை ரூபாயைக் கண்டதும் அந்தப் பக்கம் ஓடிவிட்டனர். பெருநஷ்டத்துடன் கப்பல்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பத்தொன்பது ரூபாய்ச் சரக்கை ஒன்றரை ரூபாய்க்குச் சுமப்பவன், போட்டி ஒழிந்த மறுநாள் என்ன செய்வான் என்பது அவ்வியாபாரிகளுக்குத் தெரியாததன்று. இன்றைய லாபம் கண்ணை மறைத்தது.

அதே 1893-இல் யோகோஹாமாவிலிருந்து கனடா சென்ற கப்பலில், சிகாகோ சர்வமத மகாசபைக்குச் சென்றுகொண்டிருந்த விவேகானந்த சுவாமிகளை அவர் சந்தித்தார். பின்னர், விஞ்ஞான ஆராய்ச்சிக்கென ஒரு கழகம் அமைக்கத் தம் சொத்தில் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பகுதியை அளிக்க முன்வந்தபோது, அது பற்றிச் சுவாமிகளுக்கும் எழுதினார். கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் தந்தது. 1909-இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவாயிற்று. அதற்குத் தம் பெயரைச் சூட்டலாகாது என்பது அவர் விருப்பம். ஆனால் பெங்களூர்வாசிகள் இன்றும் அதை டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே அழைக்கின்றனர். இந்நாகபுரியில் சிறிது காலம் கணக்குத் துறை உத்தியோகம் பார்த்த நம் சர் சி. வி. ராமன், 1933-இல் அக்கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலைப் பற்றி அனைவரும் அறிவர். கம்பெனிப் பணத்தைத் தொடாமல் தம் சொந்தப் பணத்தில் அதைக் கட்டினார். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஐந்தே மாதங்களில், 1904-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், ஜெர்மனியில் பாட் நவ்ஹைம் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். மனைவியார் ஹீராபாய் அதற்குச் சற்று முன்னரே காலமாகிவிட்டார். உடல் இங்கிலாந்தில் புரூக்வுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இரும்பாலை, நீர்மின்சாரம், விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும் அவர் கண்ணால் காணாதவை.

இரும்பாலை எண்ணம் 1882-இலேயே, சந்தா ஜில்லாவின் இரும்புக் கனிகளைப் பற்றி ஜெர்மானிய நிபுணர் ஒருவர் எழுதிய அறிக்கையைப் படித்தபோது உதித்தது. அறுபது வயது கடந்த பின் 1902-இல் அமெரிக்கா சென்று, உருக்குத் தொழில் நடக்கும் ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கிருந்து மூத்த மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், ஆலை அமையப்போகும் ஊரில் வீதிகள் அகலமாக இருக்கவேண்டும், நிழல்தரும் மரங்கள் நடவேண்டும், விளையாட்டு மைதானங்களும் எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டு இடங்களும் வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். அப்போது ஆலைக்கு இடமே அகப்படவில்லை!

இடம் தேடிய கதையிலும் நம் ஊருக்குப் பங்குண்டு. தோராப்ஜி இங்குள்ள மியூஸியத்தில் கண்ட நிலவியல் படம் ஒன்றே துருக் ஜில்லாவின் இரும்பு மலைக்கு வழிகாட்டிற்று. பிறகு பி. என். போஸ் என்னும் நிலவியலறிஞர் மயூர்பஞ்ச் கனிகளைப் பற்றித் தெரிவிக்க, சாக்சி என்னும் சிற்றூர் முடிவாயிற்று. இந்திய ரயில்வேயின் தலைமைக் கமிஷனராயிருந்த அப்காட் துரை, டாட்டாக்கள் தரமான தண்டவாளம் செய்தால் அத்தனையும் தாமே தின்றுவிடுவதாகக் கேலி செய்தாராம். நம் இலாகாவின் தலைவர் ஒருவர் அப்படிப் பேசினாரே என்பதில் எனக்குச் சற்று வெட்கந்தான். 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் முதல் உருக்குக் கட்டி வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்கு 1,500 மைல் தண்டவாளம் அங்கிருந்து சென்றது. துரை எவ்வளவு தின்றார் என்பது பதிவாகவில்லை.

இவ்வாலைக்கு 1907-இல் மூலதனம் திரட்டிய விதம் கவனிக்கத்தக்கது. லண்டன் பணக்காரர் தயங்கவே, இந்திய மக்களிடமே கேட்பதென்று முடிவாயிற்று. மூன்று வாரங்களுக்குள் சுமார் 8,000 இந்தியர் பணத்தைக் கொண்டுவந்து கொட்டினர். இரும்பைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? தந்தை வீட்டை விற்றுக் கடனடைத்ததும், மகன் தம் பங்குகளை விற்றுச் சுதேசி ஆலையைக் காத்ததும் பம்பாய்க் கடைத்தெரு அறிந்த செய்திகள். அவர்கள் வாங்கிய பங்கு அதற்காகவே என்று நான் கருதுகிறேன். பின்னர் 1924-இல் இரும்பாலைக்குச் சம்பளம் போடவே பணமின்றி முட்டுப்பட்டபோது, தோராப்ஜி தம் சொத்தையும் மனைவி மெஹர்பாயின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெற்றார். சுதேசி ஆலைக் காலத்தில் அவர் இளைஞர். தந்தை செய்ததை அருகிருந்து பார்த்தவர்.

1919-இல் செம்ஸ்போர்டு பிரபு சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். காளிமாட்டி ரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. நாகபுரியிலிருந்து ஹௌராவுக்குச் செல்லும் நம்மவர்கள் அப்பெயர்ப் பலகையைக் கடந்தே செல்கின்றனர்.

எம்ப்ரஸ் ஆலை இன்று இல்லை. நூற்றாண்டுக்கு மேல் சுழன்ற கதிர்கள் நின்றுவிட்டன. அவ்விடத்தில் அங்காடி வளாகம் எழுந்துள்ளது. ஆலையின் பெயர் மட்டும் அதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று ஜும்மா தலாவ் என வழங்கிய ஏரியே காந்தி சாகர். அதன் கரைக்கு மாலையில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நம் குடும்பத்தினர், அப்படியே சில அடி நடந்தால், வண்டி வண்டியாக மண் கொட்டிய அந்த இடத்தை அவர்களுக்குக் காட்டலாம்.